விட்டுவைத்த சர்வர்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மருந்துக் கிடங்குக்கு அடுத்த அறை. இரண்டு ரேக், ஒரு யுபிஎஸ், மாறி மாறி ஓடும் இரண்டு ஏசி. ஓபி சீட்டு, லேப் ரிசல்ட், ஸ்கேன் படம், ஐசியூவில் எந்த மருந்தை எத்தனை மணிக்கு ஏற்றினார்கள் என்ற குறிப்பு, டிஸ்சார்ஜ் பில், எல்லாம் அந்த அறை வழியாகத்தான் போகின்றன. அறத்தைப் பற்றிய மிகப் பழைய கேள்வி ஒன்று மாதம் தவறாமல் எனக்கு அங்கே வந்து நிற்கிறது: செய்யாமல் விட்டதற்கு ஒருவன் பொறுப்பாவானா?

கேள்வி ஃபர்ம்வேர் உருவத்தில் வருகிறது. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு சர்வர் ஒரு பெட்டி. உள்ளே பல சின்னக் கணினிகள் குடியிருக்கின்றன. மதர்போர்டில் பயாஸ், டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு கார்டு, நெட்வொர்க் கார்டு, சர்வர் அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து தூரத்திலிருந்து அதை இயக்க வழி தரும் நிர்வாகச் சிப், ஏன், ஒவ்வொரு டிஸ்கும்கூட. ஒவ்வொன்றுக்குள்ளும் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ஒரு புரோகிராம் உண்டு, அதுதான் ஃபர்ம்வேர். ஆபரேட்டிங் சிஸ்டம் இவற்றோடு பேச டிரைவர் வேண்டும். டிரைவரும் ஃபர்ம்வேரும் ஜோடியாகப் போக வேண்டியவை. இந்தப் பதிப்புக்கு இந்தப் பதிப்பு என்று கம்பெனிகள் சோதித்துப் பட்டியல் தருகின்றன. ஒன்றை ஏற்றிவிட்டு மற்றதைப் பழையபடி விட்டால் மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டு, பேக்கப் ஓடும் ஏதோ ஒரு ராத்திரி நெட்வொர்க் அறுந்து விழலாம்.

புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கும். அவசரம், பரிந்துரை, விருப்பம் என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டை ஒட்டியவருக்கு எங்கள் ஐசியூவைத் தெரியாது.

எங்கள் தொழிலில் இரண்டு மதங்கள் உண்டு. ஓடுகிற சர்வரைத் தொடாதே என்பது ஒன்று. வந்தவுடன் போட்டுவிடு என்பது மற்றொன்று. இரண்டிலும் தீவிர பக்தர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் மதத்தார் பொறுப்பை விதியின் கையில் கொடுக்கிறார்கள், இரண்டாம் மதத்தார் கம்பெனியின் கையில். என்னோடு வேலை பார்க்கும் தம்பி முதல் மதம். "நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு, எதுக்குண்ணே நோண்டணும்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். சோம்பலில் கேட்கிற கேள்வி என்று நான் அதைத் தள்ளியதே இல்லை. ராத்திரி ஐசியூவில் படுத்திருப்பவர்களை நினைத்துத்தான் கேட்கிறான். அதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அவர்கள் விற்ற சில எஸ்எஸ்டி டிஸ்குகள் 32,768 மணி நேரம் ஓடி முடித்ததும் செத்துவிடும்; ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காவிட்டால் டிஸ்கும் திரும்ப வராது, அதிலுள்ள தகவலும் திரும்ப வராது. மூன்று வருஷம், 270 நாள், எட்டு மணி நேரம். 32,768 என்பது இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண்; 16 பிட்டில் குறியோடு எண்ணும் கணக்கு 32,767 வரைதான் தாங்கும். அடுத்த வருஷம் மார்ச்சில் வேறு சில டிஸ்குகளுக்கு இன்னோர் எச்சரிக்கை வந்தது. அவற்றின் ஆயுள் 40,000 மணி நேரம்.

இந்தச் செய்தியைப் படித்த அன்று என்னை உலுக்கியது டிஸ்க் சாகும் என்பது இல்லை. டிஸ்க் சாவது சகஜம். அதற்காகத்தான் ரெய்டு போடுகிறோம். ஒன்று போனால் மற்றவை தாங்கும், இரண்டு போனாலும் சில அமைப்புகள் தாங்கும். அந்த ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: கேடுகள் தனித்தனியாக வரும் என்ற நம்பிக்கை. ஒரே பெட்டியில் வந்து, ஒரே மத்தியானம் சர்வரில் செருகி, ஒன்றாக மின்சாரம் கொடுத்த எட்டு டிஸ்குகளுக்கு மணிக்கணக்கு ஒன்றுதான். கணக்கு முடியும்போது எல்லாவற்றுக்கும் ஒன்றாக முடியும். ஒரு டிஸ்க் செத்து, அதை மாற்றி, புதியது தகவலை நிரப்பிக்கொள்வதற்குள் அடுத்ததும் செத்திருக்கும்.

எங்களிடம் இருந்தவை வேறு கம்பெனி டிஸ்குகள். இருந்தாலும் அன்று மாலை ரெய்டு கார்டின் மென்பொருளைத் திறந்து, ஒவ்வொரு டிஸ்கும் எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறது என்று பார்த்தேன். எல்லாம் பச்சை விளக்கு. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே எண். எண்கள் அங்கேயே, என் கண் முன்னால், ஏறிக்கொண்டிருந்தன.

அந்த டிஸ்குகளை வைத்திருந்த ஒருவர், நல்லாத்தானே ஓடுகிறது என்று விட்டிருந்தால் என்ன செய்திருப்பார்? எதையும் செய்திருக்க மாட்டார். ஆனால் அவருடைய சர்வர் நேற்றிருந்த சர்வராக ஒரு நாளும் இருந்திருக்காது. கீதையின் 4-ஆம் அத்தியாயம் செயலைப் பற்றிப் பேசும்போது, செய்யாமைக்குள் இருக்கும் செயலைக் காண்கிறவரே அறிவுள்ளவர் என்கிறது. அதற்கு உரை எழுதிய ஆதிசங்கரர் படகில் போகிறவரை உதாரணம் காட்டுகிறார். கரையில் அசையாமல் நிற்கும் மரங்கள் அவருக்கு எதிர்த்திசையில் ஓடுவதாகத் தெரிகின்றன. வெகுதூரத்தில் நகர்ந்துகொண்டிருப்பவை நிற்பதாகத் தெரிகின்றன. சும்மா இருக்கிறேன் என்று ஒருவர் நினைப்பதும் அப்படிப்பட்ட பார்வைப் பிழைதான் என்பது அவர் வாதம். அவர் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் வேறு, ஆத்மாவைப் பற்றியது. நான் பாதி வழியிலேயே இறங்கிக்கொள்கிறேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்: விட்டுவைப்பதும் என் கையால் நடக்கிற காரியம்.

வள்ளுவர் இதை இன்னும் கறாராகச் சொல்லியிருக்கிறார். தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில், தகாததைச் செய்பவரையும் தக்கதைச் செய்யாமல் விடுபவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேருக்கும் ஒரே கேட்டைக் கூறுகிறார். விட்டவருக்குச் சலுகை கிடையாது.

ஆனால் உலகம் சலுகை தருகிறது. இதுதான் எனக்கு ஆறாத விஷயம். ராத்திரி ரெண்டு மணிக்கு நான் ஃபர்ம்வேர் ஏற்றி, சர்வர் எழும்பாமல் போனால், விடிந்ததும் என் பெயர் எல்லார் வாயிலும் இருக்கும். யார் உன்னைத் தொடச் சொன்னது என்பார்கள். அதே சர்வர், ஏற்றாமல் விட்ட ஒரு குறையால் ஆறு மாதம் கழித்து விழுந்தால், பாவம் மெஷின் போய்விட்டது, அவன் என்ன செய்வான் என்பார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரி செய்தேன் என்று பாராட்டுகூடக் கிடைக்கும். சேதம் ஒன்று, நோயாளி பட்ட பாடும் ஒன்று. தீர்ப்பு மட்டும் வேறு. செய்தவனுக்குப் பழி, விட்டவனுக்கு அனுதாபம் என்று ஓர் அலுவலகம் பழகிவிட்டால், அங்கே உள்ள எல்லாரும் காலப்போக்கில் விடுகிறவர்களாகவே ஆகிவிடுவார்கள். கோழைகள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனம் வராது.

இவ்வளவு சொன்னதால் நான் இரண்டாம் மதத்தில் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 2018 ஜனவரி 3-ஆம் தேதி ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற இரண்டு குறைகள் வெளியே வந்தன. ப்ராசசருக்குள்ளேயே இருந்த குறைகள், உலகமே பதறியது. இன்டெல் அவசரமாக, ப்ராசசருக்குள் ஏற்றும் மைக்ரோகோடு திருத்தம் கொடுத்தது. அதே மாதம் 22-ஆம் தேதி, அதைப் போடுவதை நிறுத்துங்கள் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். போட்ட கணினிகள் தாமாக ரீபூட் ஆக ஆரம்பித்திருந்தன. வந்தவுடன் போட்டவர்கள் அந்த மூன்று வாரமும் பட்டார்கள். 2024 ஜூலை 19 எல்லாருக்கும் நினைவிருக்கும். பாதுகாப்புக்காக விண்டோஸின் அடிமடியில் டிரைவராக உட்கார்ந்திருக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளுக்கு ஒரு சின்னக் கோப்பு போனது. சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றன. கோப்பை 78 நிமிடத்தில் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிகள் பெரும்பாலும், ஒவ்வொன்றாக ஒருவர் பக்கத்தில் போய் நின்று கைதூக்கிவிட்டால்தான் எழுந்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல நாடுகளில் மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளை ஒத்திவைத்தன. அந்தக் கோப்பு எப்போது வர வேண்டும் என்று முடிவெடுக்கும் வாய்ப்பே அங்கிருந்த என்னைப் போன்றவர்களுக்குத் தரப்படவில்லை. எனக்கு அதில் மிகப் பெரிய தவறாகத் தெரிவது அதுதான்.

அப்படியானால் எப்போது? இதற்கு நான் படித்த தொழில்நுட்பப் புத்தகங்களைவிட, சோழவந்தான் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது. பெரியப்பா அங்கே திருப்பணிக் கமிட்டியில் இருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது ஊரறிந்த வழக்கம். சாமிக்கு என்ன பெரியப்பா பழுது வரும், எதற்குத் திரும்பத் திரும்பச் செய்யணும் என்று சின்ன வயதில் அவரிடம் கேட்டேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அஷ்டபந்தனம் இடிப்பதைக் காட்டினார். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுப் பொருள்களைச் சேர்த்து, சூடு ஆறவிடாமல், மாறி மாறி ஆட்கள் நின்று இடித்தார்கள். சிலையைப் பீடத்தோடு பிடித்துவைக்கும் பசை அது. "சாமிக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. புடிச்சு வச்சிருக்கிற மருந்துதான் காய்ஞ்சு விட்டுப்போகும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணி உள்ள இறங்குனப்புறம் தெரிஞ்சு என்ன பண்ண?" என்றார்.

அந்த ஏற்பாட்டில் எத்தனை யோசனை இருக்கிறது என்று பின்னால்தான் உறைத்தது. திருப்பணி நடக்கும்போது மூலவரை அப்படியே வைத்துக்கொண்டு சுற்றிலும் இடிப்பதில்லை. கலாகர்ஷணம் செய்து, தெய்வத்தின் ஆற்றலைக் கும்பத்துக்கு மாற்றி, பாலாலயம் என்ற தற்காலிகச் சந்நிதியில் எழுந்தருளச் செய்கிறார்கள். பூஜை அங்கே நிற்காமல் நடக்கும். வேலை முடிந்த பிறகே திரும்ப அழைத்து வருவார்கள். முடிந்த அன்றோடு கலைந்துவிடுவதும் இல்லை. 48 நாள் மண்டல பூஜை உண்டு. இதற்கெல்லாம் மேலே, குடமுழுக்கில் வகைகள் இருக்கின்றன. காலம் வந்ததும் புதுப்பித்துச் செய்வது புனராவர்த்தம். கோயிலில் களவோ, தீட்டுக்குரிய ஏதாவதோ நடந்துவிட்டால் செய்வது அந்தரிதம். அது பன்னிரண்டு வருஷம் ஆகட்டும் என்று காத்திருக்காது.

எனக்கு அந்தரிதம் என்றால் 2017 ஞாபகத்துக்கு வரும். அந்த வருஷம் மார்ச் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை அடைத்துக் கொடுத்தது. மே 12-ஆம் தேதி வானாக்ரை என்ற நச்சு நிரல் அதே ஓட்டை வழியாகப் புகுந்து, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கைக் குலைத்தது. அதே வருஷம், ஒரு பிரபல சர்வர் வரிசையின் நிர்வாகச் சிப்பிலும் ஓட்டை திருத்தப்பட்டது. அனுப்பும் கோரிக்கையில் 'ஏ' என்ற எழுத்தை 29 முறை வைத்தால் போதும், கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டுவிடும் ஓட்டை. அப்படி ஒன்று வரும்போது பதிவேட்டில் அடுத்த தேதி எப்போது என்று பார்த்துக்கொண்டிருப்பது பாவம். மற்ற எதையும் அதற்குரிய காலம் வரும் வரை வைத்துச் செய்யலாம்.

குடமுழுக்கை நான் பூப்போட்டுச் சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் 1997 ஜூன் 7-ஆம் தேதி, குடமுழுக்குக்காகப் போட்ட யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆயிரம் வருஷமாக நிற்கிற கற்கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை; புதுப்பிப்பதற்காகப் போட்ட கீற்றுப் பந்தல்தான் உயிர்களைக் கொண்டுபோனது. மாற்றும் நேரம்தான் ஆபத்தான நேரம். அதை மறைத்துக்கொண்டு, புதுப்பித்தல் நல்லது என்று யாரிடமும் பேச எனக்கு உரிமை கிடையாது. அங்கே அடுத்த குடமுழுக்கு 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி நடந்தது.

எங்கள் பந்தல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை போடப்படுகிறது. ரெண்டு மணி. கேஷுவாலிட்டியில் கூட்டம் குறைந்திருக்கும், லேப் மெஷின்கள் ராத்திரி வேலையை முடித்திருக்கும். டியூட்டி டாக்டருக்கும் வார்டு சிஸ்டர்களுக்கும் முன்னாடியே சொல்லி, காகிதப் படிவங்கள் வார்டில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவோம். முதல் சர்வரில் ஓடும் விஎம்களை, அதாவது மெய்நிகர்க் கணினிகளை, ஒவ்வொன்றாக அடுத்த சர்வருக்கு நகர்த்துவோம். நகரும்போது யாருக்கும் தெரியாது. ஐசியூவில் ஒரு சிஸ்டர் அப்போதும் ஏதோ பதிந்துகொண்டிருப்பார். கடைசி விஎம்மும் போன பிறகு அந்தச் சர்வரை மெயின்டனன்ஸ் மோடில் வைத்து ஃபர்ம்வேரை ஏற்றி, ரீபூட் கொடுப்போம்.

அதற்குப் பிறகுதான் பரீட்சை. விசிறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்துக்குப் போகும்; அறையில் பேச முடியாது. திரை கறுப்பாகிவிடும். பயாஸ் தன்னை எழுதிக்கொள்ளும், நிறைய மெமரி இருக்கிற சர்வர் அதைச் சோதித்துப் பழக்கிக்கொள்ளப் பல நிமிடம் எடுக்கும். அந்த நிமிடங்களில் திரையில் ஒன்றுமே வராது. ஏதாவது செய்ய வேண்டும் என்று கை துடிக்கும். பவர் பட்டனை அமுக்கினால் பாதி எழுதிய சிப்போடு சர்வர் செத்துப்போகலாம். ஒரு முறை தம்பி எழுந்து ரேக் பக்கம் நடக்க ஆரம்பித்தான். "உக்காருப்பா" என்றேன். உட்கார்ந்தான். அந்த நேரத்தில் செய்யாமல் இருப்பதுதான் முழு வேலை, விழித்துக்கொண்டு செய்யாமல் இருப்பது. அதுவும், ஆறு மாதமாக வந்த அறிவிப்பைத் திறந்தே பார்க்காமல் விடுவதும், வெளியே இருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எந்தச் சர்வரில் முதலில் போடுவது என்பது தனிக் கேள்வி. எங்களிடம் சோதனைக்கு ஒரு பழைய சர்வர் இருக்கிறது, முதலில் அது. பிறகு பேக்கப், பிறகு கணக்குப் பிரிவு, கடைசியில்தான் ஐசியூவைத் தாங்குபவை. இது எளிது. கடினமானது இன்னொன்று. சாதாரணப் பதிப்பு எதையும் வந்த ஒரு மாதத்துக்கு நான் போடுவதில்லை. அந்த ஒரு மாதத்தில் உலகத்தில் வேறு யாரோ போட்டுப் பார்க்கிறார்கள், அடிபடுகிறார்கள், கம்பெனி திருத்துகிறது. என் நிதானம் அவர்கள் பட்ட அடியில் நிற்கிறது. எல்லாரும் என்னைப்போல ஒரு மாதம் காத்திருந்தால் குறை யார் கண்ணிலும் படாது. ஒரு மாதம் கழித்து எல்லாரும் சேர்ந்து விழுவோம். ஐசியூவை வைத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்க முடியாது என்பது நியாயம்தான். ஆனாலும் அது கடன். சோதனைச் சர்வரில் கண்ட சின்னக் கோளாறைக்கூட லாகுகளோடு கம்பெனிக்கு எழுதிப் போடுவதை நான் விடாமல் செய்வது அந்தக் கடனுக்காகத்தான். யாரும் படிக்கப்போவதில்லை என்று தம்பி சொல்வான். படிக்கிறார்களோ இல்லையோ, எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பலனை எதிர்பாராதே என்ற கீதை வாக்கை எங்கள் தொழிலில் நிறையப் பேர் ஆறுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். போட்டாச்சு, இனி அவன் விட்ட வழி என்று. அதை அப்படி எடுத்துக்கொள்ள நான் சம்மதிக்க மாட்டேன். பலன் என் கையில் இல்லை என்பது உண்மை. எந்த வெளியீட்டுக் குறிப்பிலும் எல்லாக் குறையும் எழுதியிருக்காது. ஆனால் பலன் யார் தலையில் விழும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாம் மாடியில், வென்டிலேட்டரோடு படுத்திருக்கும் ஒருவர் தலையில். ஆகவே குறிப்பை முழுக்கப் படிக்கிறேன், பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன். சிலவற்றில் திரும்ப வழியே கிடையாது. அவற்றுக்குக் கூடுதலாக ஒரு மாதம். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஒரு கோப்பையாவது உண்மையில் மீட்டுப் பார்க்கிறேன். இதற்குப் பிறகும் விழுந்தால் அந்தப் பழியை ஏற்றுக்கொள்ள முடியும். இதைச் செய்யாமல் நன்றாக ஓடினால்கூட அந்தப் பாராட்டு எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அலுவலகத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் போராடி வாங்கினேன். மாற்றப் பதிவேட்டில் முன்பெல்லாம் செய்ததை மட்டும் எழுதுவோம்: தேதி, சர்வர், பழைய பதிப்பு, புதிய பதிப்பு, கையெழுத்து. இப்போது விட்டதற்கும் அதே பதிவேட்டில் வரி உண்டு. எதை விட்டோம், ஏன் விட்டோம், மறுபடி எப்போது பார்ப்போம், யார் முடிவு. மருத்துவக் கண்காணிப்பாளர் மேடமும் மாதக் கடைசியில் அதைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார். தொடக்கத்தில், நடக்காத ஒன்றுக்கு எதற்கு என் கையெழுத்து என்று கேட்டார். வானாக்ரை கதையைச் சொன்னேன். அந்த இரண்டு மாதத்தில் எந்த மருத்துவமனையிலும் எதுவுமே நடக்கவில்லை மேடம் என்றேன். பேனாவை எடுத்தார்.

இந்த மாதம் அதில் இரண்டு வரி. ரெய்டு கார்டு ஃபர்ம்வேர், அவசரம் என்று சீட்டு. டிஸ்க் மாற்றும்போது தகவல் பிசகும் குறையைத் திருத்துகிறது. இரண்டாம் ஞாயிறு போடுகிறோம், டிரைவரையும் சேர்த்து. நெட்வொர்க் கார்டு ஃபர்ம்வேர், விருப்பம் என்று சீட்டு. நாங்கள் வாங்காத ஒரு ஸ்விட்ச் வகைக்கான வசதியைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. விடுகிறோம், மூன்று மாதம் கழித்துப் பார்க்கிறோம். இரண்டாவது வரியைத் தம்பிதான் எழுதினான். ஏன் என்ற கட்டத்தில் அவன் முதலில் எழுதியது 'நன்றாக ஓடுகிறது' என்று. அதை அடித்துவிட்டு, குறிப்பை மறுபடி படித்து, ஸ்விட்ச் விஷயத்தை எழுதி, கீழே தன் பெயரைப் போட்டான்.